40 ஆயிரத்துக்குள்ள தங்கச்சிக்கு அசெம்பிள் சிஸ்டம், கடைக்காரர் சொல்ற ஐ7 செட் வாங்கலாமா?

ஒட்டன்சத்திரத்தான்:
வணக்கம் மக்களே. தங்கச்சி சிஎஸ்இ ரெண்டாவது வருஷம் படிக்குது, டேஸ்காலர் தான், அதனால லேப்டாப் வேணாம் டெஸ்க்டாப்பே போதும்னு வீட்ல முடிவு பண்ணிட்டோம். பட்ஜெட் 40 ஆயிரம், அதுக்கு மேல இழுக்க முடியாது. ஆப் எழுதற ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஓடணும், பைத்தான் அது இதுன்னு கோடிங், அப்புறம் தம்பி ஒருத்தன் இருக்கான், அவன் வேலரன்ட் கேம் ஆடணும்னு இப்பவே ஒத்தக்கால்ல நிக்கிறான். தெரிஞ்ச கடையில கேட்டதுக்கு ஐ7 ப்ராசசர், 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கலர் லைட்டு போட்ட கேபினெட் எல்லாம் சேர்த்து 28 ஆயிரம், ஒரு வருஷம் கடை வாரண்டின்னாங்க. 12 ஆயிரம் மிச்சமாகுதேன்னு மனசு அங்கயே போகுது, ஆனா ஐ7 எப்படி இவ்வளவு கம்மின்னு ஒரு சந்தேகம். பார்த்தவங்க சொல்லுங்க. மானிட்டர் பழசு ஒண்ணு வீட்ல இருக்கு.

பயாஸ்_பக்கிரி:
எந்த ஜெனரேஷன் ஐ7? மதர்போர்டு மாடல் என்ன? கிராபிக்ஸ் கார்டு பேர் என்ன? இந்த மூணையும் கேட்டுட்டு வாங்க, அதுக்கப்புறம் பேசலாம்.

ஒட்டன்சத்திரத்தான்:
கேட்டேன் ப்ரோ. ஐ7 4770, எச்81 போர்டு, ஜிடி 730 4 ஜிபி.

பயாஸ்_பக்கிரி:
நினைச்சேன். 4770 வந்தது 2013ல. அப்போ நல்ல ப்ராசசர் தான், இல்லைன்னு சொல்லல, ஆனா விண்டோஸ் 11 இன்டெல்ல 8வது ஜெனரேஷன்ல இருந்து தான் முறைப்படி சப்போர்ட், டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு சிப்பு வேற வேணும், விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு. கடைக்காரர் ஏதாவது குறுக்கு வழியில 11 ஏத்திக் குடுத்துடுவார், ஓடும், ஆனா வேலரன்ட்டோட வேன்கார்டுன்னு ஏமாத்தி ஆடறவங்களைப் பிடிக்கற சாஃப்ட்வேர் இருக்கே, அது விண்டோஸ் 11ல டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் (ஆன் ஆகும்போதே சரிபார்க்கற பாதுகாப்பு செட்டிங்) இல்லைன்னா கேமையே திறக்க விடாது. ஆக தம்பி கதை முதல் நாளே முடிஞ்சுது. அந்த ஜிடி 730 பத்தி ஒண்ணு மட்டும் சொல்றேன், 4 ஜிபின்னு பெருசா எழுதியிருக்கும், அதை வெச்சு எதுவும் அளக்காதீங்க. கார்டே அவ்வளவு ஸ்லோ, 4 ஜிபி இருந்தாலும் 2 ஜிபி இருந்தாலும் ஒண்ணு தான். இப்போ வர்ற ரைசன் ஜி சீரிஸ்ல ப்ராசசருக்குள்ளயே இருக்கற கிராபிக்ஸ் அதை விட எவ்வளவோ மேல்.

கோவை_கேபினெட்:
பக்கிரி அண்ணா சொன்னது சரிதானுங்க. புதுசா எடுக்கறதா இருந்தா ரைசன் 5 5600ஜி, அது கூட ஒரு ஏ520 இல்லைன்னா பி450 போர்டு. 6 கோர் 12 த்ரெட், கூலர் டப்பாவுலயே வந்துரும், கிராபிக்ஸ் கார்டு தனியா தேவையில்ல, வேலரன்ட் லோ செட்டிங்ல நூறு எஃப்பிஎஸ்க்கு (வினாடிக்கு எத்தனை ஃப்ரேம்ங்கற கணக்கு) மேல தரும். ஆனா ஒரே ஒரு கண்டிஷனுங்க, ரேம் ரெண்டு ஸ்டிக்கா போடணும். இந்த கிராபிக்ஸுக்குன்னு தனி மெமரி கிடையாது, நீங்க போடற ரேம்ல இருந்து தான் எடுத்துக்கும், ஒத்த ஸ்டிக் போட்டா மெமரி வேகம் பாதியாயிரும். கடையில "16 ஜிபி தானே சார், ஒரே ஸ்டிக்கா போட்டு வெச்சா நாளைக்கு இன்னொண்ணு ஏத்திக்கலாம்"னு சொல்லுவாங்க, கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கறவனுக்கு அது ஓகே, உங்களுக்கு இல்ல. ரெண்டு 8 தான். போர்டுல நாலு ஸ்லாட் இருந்தா ப்ராசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும். போட்டதுக்கப்புறம் பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங் பக்கம்) எக்ஸ்எம்பின்னு ரேமை முழு வேகத்துல ஓட்டற ஆப்ஷனை ஆன் பண்ணுங்க, நிறைய பேரு 3200 ரேம் வாங்கிப்போட்டு வருஷக்கணக்கா 2400லயே ஓட்டிட்டு இருக்காங்க.

ரிச்சி தெரு ரிட்டர்ன்:
எல்லாம் சரி தலைவா, ஆனா இப்போ ரேம் விலை என்னன்னு யாரும் பேசலையே. 2025 நடுவுல வரைக்கும் 8+8 டிடிஆர்4 மூவாயிரத்துச் சொச்சத்துக்கு கேட்பாரில்லாம கிடந்தது. ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரி எல்லாம் அங்க போகப் போக விலை ரெண்டு மடங்கையும் தாண்டிருச்சு, மைக்ரான் கம்பெனி க்ரூஷியல் பிராண்டுல கடைக்கு சரக்கு தர்றதையே நிறுத்தறோம்னு 2025 டிசம்பர்ல அறிவிச்சாச்சு. எஸ்எஸ்டியும் பின்னாடியே ஏறுது. அதனால 2024ல போட்ட யூடியூப் வீடியோவைப் பார்த்து பட்ஜெட் போட்டீங்கன்னா ரேம்ல மாட்டிக்குவீங்க.

என் யோசனை வேற. ஆபீஸ்ல இருந்து கழிச்சு விடற ரீஃபர்பிஷ்ட் டெல், எச்பி பெட்டி பாருங்க, ஐ5 8500 மாதிரி 8வது ஜெனரேஷன். 6 கோர், டிபிஎம் 2.0 இருக்கும், விண்டோஸ் 11க்கு லைசென்ஸோட வர்றதும் உண்டு, எல்லாத்துக்கும் மேல ரேம் உள்ளயே வருது. இன்னிக்கு நிலவரத்துல 16 ஜிபி ரேமோட ஒரு பெட்டி கிடைச்சா அதுல பாதி விலை ரேமுக்கு தான் குடுக்கறோம்னு வெச்சுக்கங்களேன். கோடிங்குக்கு தாராளம். வேலரன்ட்டும் செட்டிங்கை எல்லாம் கீழ இறக்கினா ஓரளவு ஆடலாம்.

கோவை_கேபினெட்:
அதுலயும் ஒரு சிக்கல் இருக்குதுங்க தல. அந்த ஒல்லிப் பெட்டியில எஸ்எம்பிஎஸ் (உள்ள கரண்ட் குடுக்கற பவர் சப்ளை), போர்டு எல்லாம் அந்தக் கம்பெனிக்கே உரிய சைஸ், நாளைக்கு எஸ்எம்பிஎஸ் போனா கடையில கிடைக்கறதை மாத்த முடியாது, கிராபிக்ஸ் கார்டு போடணும்னாலும் குட்டையா இருக்கற கார்டு தான் உள்ள போகும், தனி பவர் கேபிளும் இருக்காது. டவர் மாடலா கிடைச்சா கொஞ்சம் பரவால்ல.

ரிச்சி தெரு ரிட்டர்ன்:
அது உண்மை தான். ஆனா ரெண்டாவது வருஷம் படிக்கற பொண்ணுக்கு அடுத்த மூணு வருஷத்துக்கு என்ன வேணும்னு பார்க்கணும்ல, தம்பி நாளைக்கு கேக்கப்போற கிராபிக்ஸ் கார்டுக்கு இப்பவே எதுக்கு செலவு.

வோல்டேஜ் வாத்தியார்:
பேச்சு பூரா ப்ராசசர்லயே சுத்துது, நான் எஸ்எம்பிஎஸ் பக்கம் வர்றேன். லைட்டு போட்ட கேபினெட் கூட இலவசமா வர்ற "450 வாட்" எஸ்எம்பிஎஸ்ஸை ஒருதரம் திருப்பி லேபிளைப் படிங்க. அதுல 12 வோல்ட்னு ஒரு கட்டம் இருக்கும், கீழ எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 18ன்னு போட்டிருந்தா 12ஐயும் 18ஐயும் பெருக்கினா 216 வாட், நிஜத்துல உங்களுக்கு உருப்படியா கிடைக்கறது அவ்வளவு தான், ப்ராசசரும் கார்டும் இழுக்கறது 12 வோல்ட்ல இருந்து. நல்ல 550 வாட் யூனிட்ல அதே கட்டத்துல 45 ஆம்பியர் கிட்ட இருக்கும். கையில தூக்கினாலே வித்தியாசம் தெரியும், மட்டமானது காலி டிபன் பாக்ஸ் மாதிரி லேசா இருக்கும்.

அதே லேபிள்ல இன்புட் 100-240ன்னு இருக்கா 200-240ன்னு இருக்கான்னும் பாருங்க. நம்ம ஊர்ப்பக்கம் சாயங்காலம் மோட்டார் எல்லாம் ஓட ஆரம்பிச்சா வீட்ல 180க்கு இறங்கறது சகஜம், 200-240 யூனிட் அப்போ தானா ஆஃப் ஆகி ஆன் ஆகி வதைக்கும், அதை வைரஸ்னு நினைச்சு விண்டோஸை திரும்பத் திரும்ப போட்டுக்கிட்டிருந்தவங்களை எல்லாம் பார்த்திருக்கேன். வீட்டு இன்வெர்ட்டர்லயே ஓட்டறதா இருந்தா பின்னாடி யூபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருக்கான்னு பார்த்து அதுல வைங்க, கரண்ட் போனதும் மாத்தறது வேகமா நடக்கும். எர்த் இருக்கான்னு எலெக்ட்ரீஷியனை விட்டு செக் பண்ணிடுங்க. எர்த் இல்லாத வீட்ல கேபினெட்டைத் தொட்டா சுருக்குன்னு இழுக்கும், டெஸ்டர் வெச்சா மினுக்கு மினுக்குன்னு எரியும், அதுல கம்ப்யூட்டரைக் குத்தம் சொல்லிப் புண்ணியமில்ல.

பயாஸ்_பக்கிரி:
வாத்தியார் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். போர்டு பழைய ஸ்டாக்கா இருந்தா 5600ஜி போட்டதும் திரையே வராது, பயாஸ் அப்டேட் ஆகியிருக்கணும். டப்பா மேல ரைசன் 5000 ரெடின்னு ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா கடையிலயே ப்ராசசரைப் போட்டு ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ எமுலேட்டருக்கு (ஆப்பை டெஸ்ட் பண்ண கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடற போன்) பயாஸ்ல எஸ்விஎம்னு ஒரு விர்ச்சுவலைசேஷன் செட்டிங்கை எனேபிள் பண்ணணும், இல்லைன்னா தங்கச்சி எமுலேட்டர் ஸ்டார்ட் ஆகலைன்னு உட்கார்ந்திருக்கும்.

ஜூனியர்_கேமர்:
அண்ணா நடுவுல வர்றேன், ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு செகண்ட்ஸ்ல சல்லிசா கிடைக்குதே, அதை ஐ3 12100எஃப் கூட போட்டா 5600ஜியை தூக்கி சாப்ட்ரும்ல?

ரிச்சி தெரு ரிட்டர்ன்:
சாப்ட்ரும் தம்பி, கார்டு உயிரோட இருக்கற வரைக்கும். அந்த 580ல நிறைய கிரிப்டோ காயின் மைனிங்ல ராத்திரி பகலா ஓடினது. அதுலயும் 2048எஸ்பின்னு ஒரு ரகம் இருக்கு, பேர் 580, உள்ள இருக்கறது கிட்டத்தட்ட 570. ஜிபியு-இசட்னு கார்டு விவரம் காட்டற சாஃப்ட்வேர் போட்டுப் பாரு, ஷேடர்ஸ் 2304ன்னு காட்டினா ஒரிஜினல், 2048ன்னா அந்த ரகம். இன்னொண்ணு, 12100எஃப்ல எஃப்னா ப்ராசசர்ல கிராபிக்ஸ் கிடையாது, கார்டு போச்சுன்னா அன்னிக்கு சிஸ்டமே போச்சு. நாளைக்கு லேப் சப்மிஷன் இருக்கற பொண்ணுக்கு இந்த ரிஸ்க் வேணாம். உனக்குன்னா வாங்கிக்கோ.

ஒட்டன்சத்திரத்தான்:
எல்லாருக்கும் நன்றி. 28 ஆயிரம் செட்டு வேணாம்னு சொல்லிட்டேன், அவர் முகம் தான் சுருங்கிப் போச்சு. வீட்ல கலந்து பேசி 5600ஜி, ஏ520 போர்டு, 8+8, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, தனியா 550 வாட் எஸ்எம்பிஎஸ், லைட்டு இல்லாத சாதா கேபினெட்னு போட்டிருக்கேன், ஜிஎஸ்டி பில்லோட 40ஐ கொஞ்சம் தாண்டுது, தாண்டறதை தம்பி அவன் உண்டியல்ல இருந்து தர்றேன்னுட்டான். ஒரே ஒரு டவுட்டு. வீட்ல இருக்கற மானிட்டர் 19 இன்ச், பின்னாடி நீலக்கலர் விஜிஏ பின் மட்டும் தான் இருக்கு, புது போர்டுல அது வருமா?

கோவை_கேபினெட்:
சில ஏ520 போர்டுல அந்த நீலப் போர்ட்டு இன்னும் வருதுங்க, வாங்கறதுக்கு முன்னாடி பின்பக்கப் படத்தைப் பார்த்து எடுங்க. இல்லைன்னா எச்டிஎம்ஐல இருந்து விஜிஏவுக்கு மாத்தற சின்ன கன்வெர்ட்டர் வாங்கிக்கலாம், வாங்கும்போது எச்டிஎம்ஐ முனை கம்ப்யூட்டர் பக்கம் வர்ற மாதிரி இருக்கான்னு பாருங்க, உல்டாவா இருக்கறதும் விக்கறாங்க, அது வேலைக்காகாது.