இரண்டு அறை, மூன்று பேர்: வாடகையை எப்படிப் பிரிப்பது?

சின்ன_அறை:
கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு ஃபிளாட். பெரிய அறையில் கல்யாணமான சோடி, ஏசி, தனிக் குளியலறை. சின்ன அறையில் நான், ஒரு ஃபேன், ரயில் போனால் கடகடவென்று ஆடுகிற யன்னல். வாடகை 90,000. நான் 45,000 கொடுக்கிறேன். கரண்ட், தண்ணீர், 12.5 கிலோ காஸ் எல்லாமே பாதிப் பாதி. மத்தியானம் கடைச் சாப்பாடு. ராத்திரி கொஞ்சம் புட்டு அவித்தால் உண்டு. கேட்டால், "நாங்கள் ஒரு குடும்பம், நீங்கள் ஒரு ஆள், இரண்டு பங்குதானே" என்கிறார் அந்த அக்கா. நான் கணக்குப் பார்ப்பது அற்பத்தனமா?

கொட்டாஞ்சேனையான்:
இல்லை தங்கச்சி. காஸும் தண்ணீரும் தலைக்கணக்கு, மூன்றில் ஒன்றுதான் உங்களுடையது.

இரண்டு_பேர்:
நானும் மனைவியும் இப்படி இருந்திருக்கிறோம். அதற்காக வாடகையையும் மூன்றாக்காதீர்கள்; நாங்கள் இருவரும் படுப்பது ஒரே அறையில். அறையைப் பார்த்து 55,000, 35,000 என்று பேசுங்கள்.

வயர்மன்:
கரண்ட்தான் பெரிய விஷயம். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறும், நிலையான கட்டணமும் ஏறும். தாண்ட வைப்பது அந்த ஏசி. அது இழுக்கும் கரண்டை மட்டும் தனியாகக் காட்ட ஒரு சப் மீட்டர் பூட்டுங்கள்.

சின்ன_அறை:
பேசிவிட்டேன். அண்ணா சரி என்றார், 36,000. அக்கா மூன்று நாளாக முகம் கொடுக்கவில்லை. குசினியில் என் புட்டுக்குழல் மட்டும் தனியாக மேல் தட்டுக்குப் போயிருக்கிறது. மீட்டர் பூட்ட ஞாயிறு ஆள் வருகிறார்.