சாத் மெல்லும் மாணவருக்குச் சந்தேகம் முற்றினால்: இலையா, நோயா?

தேன்மொழி:
வணக்கம். எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தும் நம்மூர் ஆசிரியர்களுக்காக இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். தேர்வு நெருங்கினால் ஹரார், அவடாய் பக்கம் மாணவர்கள் தூக்கத்தை விரட்டும் சாத் இலையை மென்றபடி விடிய விடியப் படிப்பது சாதாரணம். யேமனில் இதையே காத் என்கிறார்கள், கென்யாவில் மிரா. இப்படி நாலைந்து நாள் தூங்காத ஒருவர், "பக்கத்து அறைக்காரன் என்னை வேவு பார்க்கிறான்" என்று சொல்லத் தொடங்கினால், அது இலையால் வந்ததா, மனநோயா என்று எப்படிப் பிரிப்பது? அவரிடம் என்ன கேட்க வேண்டும்? உடனே நிறுத்தச் சொல்லலாமா?

செவிலி_மாறன்:
முதல் நாளே பிரித்துவிட முடியாது. நாட்கள்தான் பிரித்துக் காட்டும். அதற்குள் தேவையான விவரத்தைச் சேகரித்து வையுங்கள்.

"சாத் போடுவியா?" என்று கேட்டால் "எப்போதாவது" என்றுதான் பதில் வரும். அதனால் இப்படிக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள்? எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிப்பது? ஒரு நாளைக்கு எத்தனை கட்டு? கட்டின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் கட்டு எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். வாங்கிய கட்டை எடை போட்டு, மென்று முடித்த பிறகு மிஞ்சிய தண்டையும் முற்றிய இலையையும் எடை போட்டுக் கழித்தால் உள்ளே போனது எவ்வளவு என்று தெரியும். ஒரு அமர்வுக்கு 100 முதல் 200 கிராம் என்பது வழக்கமான அளவு. காலையில் கண் விழித்ததும் மெல்வது, ராத்திரி முழுக்க மெல்வது, ஒரு அமர்வின் களைப்புத் தீருமுன் அடுத்ததைத் தொடங்குவது, இவைதான் அபாயக் குறி.

அடுத்து நேர வரிசை. சந்தேகம் தொடங்கிய தேதி எது, மெல்லும் அளவு கூடிய தேதி எது, தூக்கம் போன தேதி எது? மூன்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். இலையைக் கூட்டியதும் தூக்கம் போய், அதன் பின்னால் சந்தேகம் வந்திருந்தால் இலையின் பங்கு பெரிது. மெல்வதற்குப் பல மாதம் முன்பே ஒதுங்கியிருந்தார், படிப்பில் பின்தங்கினார், குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோய் உண்டு என்றால் கதை வேறு.

இலையால் வந்த மனப்பிறழ்வு (இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் போன்றவை), இலையை நிறுத்தித் தூங்க வைத்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தெளியும். நிறுத்தி ஒரு மாதம் ஆகியும் குரல் கேட்பதும் சந்தேகமும் நீடித்தால், மனநோய் என்றே எடுத்துச் சிகிச்சை தர வேண்டும். அந்த ஒரு மாதம் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. தற்கொலைப் பேச்சு, யாரையாவது தாக்கும் எண்ணம், சாப்பாட்டில் விஷம் என்று சாப்பிட மறுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. தனியாக அனுப்பாதீர்கள்.

மருந்தாளர்_கயல்:
மாறன் அண்ணா தூக்கத்தைச் சொன்னார். அது ஏன் போகிறது என்பதையும் உங்கள் குறிப்பில் சேருங்கள், தேன்மொழி.

இலையில் முக்கியமானவை இரண்டு: கேத்தினோன், கேத்தின். வலுவானது கேத்தினோன், ஆம்ஃபெட்டமைன் என்ற ஊக்க மருந்தின் குடும்பத்துச் சரக்கு, மூளையில் உற்சாகம் தரும் டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியே தள்ளும். பறித்து இரண்டு மூன்று நாளில் இது பெரும்பாலும் கேத்தினாக மாறிவிடும். அதனால்தான் செந்நிறக் கொழுந்துக்கு அத்தனை விலை, அதனால்தான் வாடாமலிருக்க வாழையிலையில் சுற்றித் தண்ணீர் தெளிக்கிறார்கள். கேத்தினுக்கு வலு குறைவு, ஆனால் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மதியம் 2 மணிக்கு உட்கார்ந்து 6 மணிக்கு எழுந்தவருக்கு நள்ளிரவிலும் நெஞ்சு படபடக்கும்.

முதல் ஒன்றிரண்டு மணி நேரம் பேச்சும் உற்சாகமும். இதை அங்கே மிர்கானா என்பார்கள். பிறகு பேச்சு அடங்கி, எரிச்சலும் சோர்வும் வரும். அந்த எரிச்சலை அடக்கத்தான் செப்சி: மென்று முடித்ததும் மது. கூடவே கடையில் வாங்கிய டயாசெபாம் என்ற தூக்க மாத்திரை போடுபவர்களும் உண்டு. மதுவும் டயாசெபாமும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம். ஆகவே இலையைப் பற்றிக் கேட்கும் அதே மூச்சில் இவ்விரண்டையும் கேளுங்கள்.

மருந்து விஷயத்தில் இரண்டு. மெல்லும்போது ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை விழுங்கினால் உடம்பில் சரியாக ஏறாது. மென்று முடித்து இரண்டு மணி நேரம் கழித்துத் தர வேண்டும். இரண்டாவது, சிஒய்பி 2டி6 என்ற கல்லீரல் நொதியின் வேலையை இந்த இலை மந்தப்படுத்துகிறது. மனப்பிறழ்வுக்குத் தரும் ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் இரண்டும் அந்த வழியில் கழிபவை. விடாமல் மெல்பவருக்கு உடம்பில் மருந்தின் அளவு கூடி விறைப்பும் நடுக்கமும் வரக்கூடும் என்பதால், சாத் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

அகிலன்_பி:
ஒரு எச்சரிக்கை. 'சாத் மென்றால் பைத்தியம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பல லட்சம் பேர் மெல்கிறார்கள், மனப்பிறழ்வு அவர்களில் சிலருக்கே. சோமாலிலாந்தின் ஹர்கெய்சாவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், மனப்பிறழ்வு வந்தவர்கள் மற்றவர்களைவிடச் சின்ன வயதிலேயே தொடங்கி, அதிகமாகவும் மென்றிருந்தது தெரிந்தது. அத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டும், காரணத்தை நிரூபிக்காது. போரில் அடிபட்ட மனதை மறக்க மெல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் இலையைப் பிடுங்கினால் பழைய பயம்தான் மேலே வரும்.

தேன்மொழி:
மூவருக்கும் நன்றி. கடைசிக் கேள்வி மட்டும் நிற்கிறது: ஒரேயடியாக நிறுத்தலாமா?

செவிலி_மாறன்:
சந்தேகமோ குரலோ வந்துவிட்டவர் அன்றே நிறுத்த வேண்டும். மதுவை நிறுத்தினால் வரக்கூடியது போல உயிருக்கு ஆபத்தான உடல் விளைவு இதில் பொதுவாக வராது. சில நாள் அசதி, அளவுக்கு மீறிய தூக்கம், மனச்சோர்வு, லேசான நடுக்கம், பயங்கரக் கனவுகள் வரும். கனவில் யாரோ மிதிப்பது, துரத்துவது போல இருக்கும்; அங்கே அதற்கு துகாக் என்றே பெயர். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் ராத்திரி கனவுக்குப் பயந்தே மறுபடி இலையைத் தேடுவார். மனச்சோர்வு அழுத்தமாக இருந்தால் அந்த நாட்களில் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

அறிகுறி எதுவும் இல்லாமல் தேர்வுக்காக மட்டும் மெல்பவரிடம் படிப்படியான குறைப்பு எடுபடும். முதலில் நேரத்தை முன்னே தள்ளுங்கள், மதியம் 2 மணிக்கு மேல் வேண்டாம் என்று. அடுத்த வாரம் மெல்லும் நாட்களைப் பாதியாக்குங்கள், பிறகு அளவை. கூடவே குடிக்கும் காப்பியையும் கோலாவையும் கணக்கில் எடுங்கள். இலையைக் குறைத்துக் காப்பியைக் கூட்டினால் தூக்கம் திரும்பாது.

மனப்பிறழ்வு ஒருமுறை வந்து தெளிந்தவர் மறுபடி மென்றால் மறுபடி வருவது சகஜம். அவருக்கு 'கொஞ்சமாக மெல்' என்ற சலுகை தராதீர்கள். அறைத் தோழரிடமும் அதைச் சொல்லி வையுங்கள், பெரும்பாலும் கட்டு அவர் கையிலிருந்துதான் வரும்.