கடன் வாங்கியவரின் புது முகவரி அறிய எந்தச் சேவை நல்லது?

வணக்கம். மார்த்தாண்டத்தில் ஒரு சிறிய நிதி நிறுவனத்தில் வசூல் பிரிவைப் பார்க்கிறேன். டூவீலர் கடன் வாங்கிய சிலர் கேரளாவுக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை, வாடகை வீடும் மாறிவிட்டது.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களில் புது முகவரி சீக்கிரம் பதிவாவது எதில்? கிரிஃப் நுண்கடனுக்குப் பேர்போனது. வாகனக் கடனுக்கு ஒத்துவருமா?

பெயர் பொருத்தம்தான் என் பெரிய கவலை. நம் பக்கம் ஒரே பெயரில் ஊருக்குப் பல பேர். இனிஷியல் மாறினால் ஆளே மாறிவிடும். சம்பந்தமில்லாத ஒருவர் வீட்டு வாசலில் ஆள் போய் நிற்பதை என்னால் ஏற்க முடியாது. அதனால் பான், பிறந்த தேதி வைத்துச் சரிபார்க்கிற மென்பொருள் வேண்டும். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைப்பு போகாமல் தடுத்தால் இன்னும் நல்லது.

நம்பர் பட்டியல் விற்பவர்களைச் சொல்ல வேண்டாம். பயன்படுத்தியவர்கள் கட்டணத்தோடு சொல்லுங்கள்.