அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன்: ஒன்றா, இரண்டா, பாதியா?

பாம்பன் தெற்குவாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 62 வயது. சின்ன வயதிலிருந்தே கடல்பாசி எடுக்கப் போனவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் பாறையைப் பிடித்தபடி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிற வேலை. கொஞ்ச காலமாக வல்லத்தில் (நாட்டுப்படகில்) ஏற முடியவில்லை. இரண்டு காலும் வில்லாக வளைந்துவிட்டன, வலது ரொம்ப மோசம். ராத்திரியில் வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போடுகிறார், டாக்டர் எழுதிக் கொடுத்தது இல்லை. சர்க்கரையும் உண்டு.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். படத்தைப் பார்த்த உடனே, "கிரேடு நாலு, தேய்மானத்தின் கடைசிக் கட்டம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாம், ரோபோ வைத்துச் செய்கிறோம், வெளிநாட்டு மூட்டு" என்று ஐந்து லட்சத்தைத் தொடுகிற ஒரு கணக்கை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். ராமநாதபுரத்தில் இன்னொரு டாக்டர், "இடது காலில் உள்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது, அதற்குப் பாதி மூட்டு போதும். வலது மட்டும் முழுசாக. ஒன்று ஆறிய பிறகு அடுத்தது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான். "திரும்பப் பாசிக்குப் போலாமாடா?" நான் விசைப்படகில் போகிறவன், தம்பி திருப்பூரில் இருக்கிறான். செய்துகொண்டவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டிக்காரன் எழுதியது:

ஆபரேஷன் மட்டும் வேண்டாம் அண்ணே. எங்கள் மாமா பி.ஆர்.பி. ஊசி போட்டுச் சரியாகிவிட்டார். நம் ரத்தத்தையே எடுத்து, அதில் தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து முட்டியில் போடுவார்கள். மூட்டை வெட்டி எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப வராது.

கீழக்கரை லாத்தா எழுதியது:

தம்பி, நான் இரண்டு முட்டியும் மாற்றியவள். வலது முதலில், அடுத்த வருஷம் இடது.

தொண்டித் தம்பி சொல்கிற மாதிரி மூட்டை அப்படியே வெட்டி எறிவதில்லை. தேய்ந்துபோன எலும்பு முனையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுக்கிறார்கள். தொடை எலும்பின் நுனிக்கு ஓர் உலோக மூடி, கீழ் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே கெட்டியான பிளாஸ்டிக். பெரும்பாலும் எலும்புச் சிமெண்ட் வைத்து ஒட்டுகிறார்கள். மாதிரி மூட்டை டாக்டர் என் கையிலேயே கொடுத்தார். நல்ல கனம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் தெளிந்தது. உங்கள் அம்மாவுக்கும் காட்டச் சொல்லுங்கள்.

படத்தில் கிரேடு நாலு என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அதே கிரேடோடு மீன்கடைக்கு நடந்து போய்த் திரும்புகிற மனுஷி எங்கள் தெருவிலேயே இருக்கிறார். ராத்தூக்கம் கெடுகிறதா, வீட்டுக்குள் நடக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறதா, மாத்திரை இல்லாமல் பொழுது போகவில்லையா, இதைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அம்மாவுக்கு அந்த நேரம் வந்துவிட்ட மாதிரிதான் தெரிகிறது.

இப்போது யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயங்கள்.

வாக்கர் மணலில் நடக்காது. ஆஸ்பத்திரியின் வழுவழுத் தரையில் மறுநாளே ராணி மாதிரி நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து வாசலில் காலை வைத்தால் வாக்கரின் நாலு காலும் மணலுக்குள் இறங்குகிறது. தூக்கினால் ஒரு பக்கம் சாய்கிறது. என் மகன் பழைய பலகைகளைத் தேடி, வாசலிலிருந்து கழிப்பறை வரைக்கும் வரிசையாகப் போட்டுக் கொடுத்தான். பலகை ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல். உங்கள் ஊரும் அதே கடற்கரை மணல்தானே, ஆபரேஷனுக்கு முன்னாடியே இந்த வேலையை முடித்துவிடுங்கள். கழிப்பறை தரையோடு இருந்தால் மேற்கத்திய கோப்பை வையுங்கள், முடியாவிட்டால் நடுவில் ஓட்டை உள்ள நாற்காலி வாங்கிக்கொள்ளுங்கள். கயிற்றுக் கட்டில் ஆகாது, குழிந்துவிடும். உயரமான மரக்கட்டில் வேண்டும்.

சம்மணம் இனிமேல் இல்லை. அதாவது தரையில் உட்கார்ந்து பாசி ஆய்வது, கருவாடு பிரிப்பது, அம்மி எல்லாம் முடிந்தது. சிலர் பிற்பாடு உட்காருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், என் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். தொழுகை எனக்கு நாற்காலியில்தான். நெற்றி தரையில் படாமல் தொழுத முதல் நோன்பு மாதம் நெஞ்சை அடைத்தது. ஆலிமிடம் கேட்டேன், முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், கூலியில் குறைவில்லை என்றார். உங்கள் அம்மா மாதா கோவிலுக்குப் போகிறவராக இருந்தால் முட்டி போடுவதும் அப்படித்தான். போட்டால் உடைந்துவிடாது, ஆனால் கல்மேல் முட்டி வைத்த மாதிரி இருக்கும்.

தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் மரத்துப்போகும். பயப்பட வேண்டாம், தோல் நரம்பு அறுபடுவதால் வருவது. எனக்கு முதலில் உள்ளங்கை அகலம், இப்போது கொஞ்சம்தான். முட்டி பல மாதம் கணகணவென்று சூடாக இருக்கும். நடக்கும்போது சில நேரம் டக்கென்று சத்தம் வரும். இதையெல்லாம் யாரும் சொல்லாததால் ராத்திரியில் மகனை எழுப்பிக் கலவரப்படுத்தினேன்.

முதல் மாதம் வலி கடுமைதான். "இதைச் செய்யாமலே இருந்திருக்கலாம்" என்று யாராக இருந்தாலும் ஒருநாளாவது சொல்வார்கள். உங்கள் அம்மா சொன்னால் பதறாதீர்கள். மாத்திரையைச் சரியான நேரத்துக்குக் கொடுத்து, அரைமணி கழித்துப் பயிற்சிக்கு எழுப்புங்கள்.

பரமக்குடி இயன்முறை எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட். லாத்தா சொன்னதில் மறுக்க எதுவும் இல்லை. விட்டுப்போனதைச் சொல்கிறேன்.

முதலில் எக்ஸ்ரே நின்றுகொண்டு எடுத்ததா, படுக்க வைத்து எடுத்ததா என்று பாருங்கள். உடம்பின் பாரம் காலில் இறங்கினால்தான் மூட்டு இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது தெரியும். இரண்டு டாக்டர்களும் ஒரே படத்தைப் பார்த்தார்களா என்பதும் ஒரு கேள்வி. இடுப்பையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டு கெட்டால் சிலருக்கு வலி முழங்காலில்தான் தெரியும்.

பாதி மூட்டு என்பது ஏமாற்று வேலை இல்லை. உள்பக்கம் மட்டும் தேய்ந்து, உள்ளே இருக்கும் முன் சிலுவைத் தசைநார் நன்றாக இருந்து, வளைவைக் கையால் நேராக்க முடிந்தால் அது நல்ல வழி. வெட்டு சிறியது, சீக்கிரம் நடக்கலாம், மடக்கும் அளவும் கூட இருக்கும். முடக்குவாதக்காரர்களுக்கு ஆகாது. ஆயுளில்தான் வித்தியாசம். 2019இல் வெளியான, பல நாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வில், முழு மூட்டு 25 வருடம் கழித்தும் நூற்றில் சுமார் 82 பேருக்கு நிலைத்திருந்தது, பாதி மூட்டு சுமார் 70 பேருக்கு. வயது இன்னும் குறைவாக இருந்தால் எலும்பை வெட்டி நேராக்கும் சிகிச்சையும் உண்டு. 62 வயதில், வலது கால் இவ்வளவு மோசமான பிறகு அதைப் பெரும்பாலும் யோசிக்க மாட்டார்கள்.

இரண்டையும் ஒரே நாளில் செய்தால் மயக்க மருந்து ஒருமுறை, படுக்கையும் ஒருமுறை. ஆனால் ரத்த இழப்பு, இதயத்துக்கு வேலை, ரத்தம் உறையும் ஆபத்து எல்லாம் கூடும். சர்க்கரை இருக்கிற ஒருவருக்கு, வீட்டில் தாங்கிப் பிடிக்க ஆளும் குறைவு என்றால், ஒவ்வொன்றாகச் செய்வதுதான் என் ஓட்டு. ரோபோ தானாக ஆபரேஷன் செய்வதில்லை. வெட்டும் அளவைத் துல்லியமாக வைக்க உதவுகிறது, அவ்வளவுதான். பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பெரிய வித்தியாசம் தரும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

தொண்டி நண்பருக்கு: ஆரம்பத் தேய்மானத்தில் ஊசி சிலருக்கு வலியைக் குறைக்கிறது. எலும்பும் எலும்பும் உரசும் நிலையில் தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்த்துவிடாது. ஸ்டீராய்டு ஊசி என்றால் இன்னொரு எச்சரிக்கை. போட்ட மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் கிருமித் தொற்று வாய்ப்பு கூடுகிறது.

கடைசியாக, பாசி எடுப்பவர்கள் எல்லாரிடமும் நான் பார்ப்பது பாதம். பாறை கிழித்த வெட்டு, விரலிடுக்கில் சேற்றுப்புண், ஏதாவது ஒன்று இருக்கும். காலில் ஆறாத புண்ணோடு போனால் எந்த நல்ல டாக்டரும் தேதியைத் தள்ளிவைப்பார். புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது மூட்டில் போய் உட்கார்ந்தால், சில நேரம் மூட்டையே கழற்ற வேண்டி வரும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று இவற்றையும் முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பாசிக்குத் திரும்பப் போகலாமா என்றால், நன்றாக ஆறிய பிறகு கடல் தண்ணீரில் இறங்குவது பிரச்சினை இல்லை. வழுக்குப் பாறையும், பாரத்தோடு வல்லத்தில் ஏறுவதும், காலில் படும் வெட்டும்தான் பிரச்சினை. விழுந்தால் உலோகத்தை ஒட்டியிருக்கும் எலும்பு உடையும், அதைச் சரிசெய்வது முதல் ஆபரேஷனைவிடக் கஷ்டம். அதனால் என் பதில் 'வேண்டாம்'.

பயிற்சியில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், மீதியை அங்கேயே கற்றுக் கொடுப்பார்கள். முட்டிக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. சுகமாக இருக்கும், ஆனால் கால் மடங்கினபடியே இறுகிவிடும். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் 90 டிகிரி மடக்கம் வந்துவிட்டால் நிம்மதி. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினால் 108ஐக் கூப்பிடுங்கள்.

தங்கச்சிமடம் 60 எழுதியது:

அப்பாவின் இடுப்பு மூட்டுக்காக அலைந்தவன் நான். காசுக் கணக்கு மட்டும் சொல்கிறேன்.

முழங்கால் மூட்டுக்கு அரசே உச்ச விலை வைத்திருக்கிறது. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அறிவித்தபோது, சாதாரணமாகப் போடும் கோபால்ட் குரோமியம் மூட்டு ரூ.54,720, டைட்டானியம் அல்லது ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் வகை ரூ.76,600, ஜி.எஸ்.டி. தனி. அப்புறம் திருத்தியிருக்கிறார்கள், இன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மூட்டு என்றாலும் இந்த வரம்புக்குள்தான். ஆகவே ஐந்து லட்சக் கணக்கில் மூட்டு எவ்வளவு, அறை எவ்வளவு, ரோபோ எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பில்லில் மூட்டின் கம்பெனி பெயரும் பேட்ச் எண்ணும் தனியாக வர வேண்டும். அந்த ஸ்டிக்கரைப் பத்திரமாக வையுங்கள், பிற்பாடு எந்த டாக்டரும் கேட்பார்.

குடும்ப வருமானம் வருடம் ரூ.1,20,000க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை. வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதியலாம். ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வந்தாக வேண்டும், கட்டிவிட்டுப் பிறகு வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரையில் ராஜாஜி மருத்துவமனை, இரண்டிலும் காப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்திருப்பவரிடம் நேரில் கேளுங்கள். போனில் சரியான பதில் வராது.

தேதிக்கு ஒரு யோசனை. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நீங்கள் விசைப்படகு என்றால் வீட்டில்தான் இருப்பீர்கள். தடை தொடங்கிய வாரத்தில் செய்துவிட்டால் கஷ்டமான காலம் முழுக்க அம்மா பக்கத்தில் இருக்கலாம். வெயில்தான் கொஞ்சம் வாட்டும்.

பாம்பன் தெற்குவாடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. படங்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன், மதுரையில் எடுத்தது படுக்க வைத்து எடுத்தது. நேற்று நின்றபடி புதிதாக எடுத்தோம். ராமநாதபுரம் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, வலது முழுசு என்பதில் மாற்றமில்லை, இடதை வலது ஆறிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 9 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, அதை இறக்கிவிட்டு வரச் சொன்னார். கடை மாத்திரையை நிறுத்தச் சொல்லி, சிறுநீரகத்துக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பழைய வெட்டு இருந்தது. எங்களுக்கே தெரியாது, அம்மா காட்டவில்லை. அதற்கு மருந்து போடுகிறோம்.

பாசிக்குப் போக வேண்டாம் என்றதை அம்மாவிடம் வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மேசை ஒன்று அடித்துக் கொடு, மற்றவர்கள் கொண்டுவருகிற பாசியை நின்றுகிட்டே ஆய்ஞ்சு தர்றேன், கிலோவுக்கு இவ்வளவுன்னு பேசிக்கலாம்" என்றார். தடைக்காலத்துக்குத் தேதி கேட்டிருக்கிறோம். பலகை படகுத் துறையிலேயே கிடைக்கும்.

லாத்தா, வாக்கர் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

கீழக்கரை லாத்தா எழுதியது:

இரண்டும் வேண்டாம். என்னுடையது பரணில் சும்மா கிடக்கிறது, தனிச்செய்தியில் எழுதுங்கள், மகன் ராமநாதபுரம் வரும்போது கொடுத்துவிடுவான். நாலு காலின் ரப்பரும் தேய்ந்திருக்கும், புதிது வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். உயரம் அம்மாவின் மணிக்கட்டு அளவுக்கு வர வேண்டும், பக்கத்தில் இருக்கிற பொத்தானை அமுக்கினால் ஏறும் இறங்கும். மேசை அடிக்கும்போது பக்கத்தில் ஓர் உயரமான ஸ்டூலும் சேர்த்து அடித்துவிடுங்கள், முழுநாளும் நின்றால் முட்டி வீங்கும்.