பாங்காக் சுவர்ணபூமியில் ஃபாரக்ஸ் கார்டு ‘டிக்ளைன்’ ஆகிறது, கையில் பாட் இல்லை: உதவி தேவை

புதுப்பயணி:
வணக்கம். சென்னையிலிருந்து வந்து இறங்கியாச்சு, இப்போ சுவர்ணபூமி விமான நிலையம் 2ஆம் தளத்தில் நிற்கிறேன். பல கரன்சி ஏற்றும் ஃபாரக்ஸ் கார்டு. அதன் பாட் வாலட்டில் (தாய்லாந்து நாணயம் ஏற்றிய பகுதி) சரியாக 10,000 பாட், டாலர் வாலட் காலி. ஏடிஎம்மில் 10,000 கேட்டால் டிக்ளைன். பக்கத்தில் வேறு வங்கி மெஷினிலும் அதேதான். பின் சரி, ஆப்பில் இருப்பும் சரியாகக் காட்டுகிறது. கையில் 300 டாலர் (இரண்டு நூறு, ஐந்து இருபது), 500 ரூபாய்த் தாளாக 12,000 ரூபாய். சேமிப்புக் கணக்கு டெபிட் கார்டும் இருக்கு. ஹோட்டல் சுகும்விட் பக்கம். கார்டு ஏன் போகவில்லை? டாலரை இங்கேயே மாற்றலாமா, ஊருக்குள் போய் மாற்றலாமா?

கவுண்டர்12:
10,000 வைத்துக்கொண்டு 10,000 கேட்கிறீர்கள், சிக்கலே அதுதான். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட் கட்டணம் போடும், சில வங்கிகளில் 250. அதைக் கேட்ட தொகையோடு சேர்த்து ஒரே தொகையாக உங்கள் வங்கிக்கு அனுப்பும். அதாவது அங்கே போய்ச் சேருவது 10,220. வாலட்டில் அவ்வளவு இல்லை, டாலர் வாலட்டிலிருந்து ஈடுகட்டவும் வழியில்லை, உடனே திருப்பி அனுப்பிவிடும். போதாததற்கு கார்டு கொடுத்த வங்கியும் ஒவ்வொரு எடுப்புக்கும் தன் கட்டணத்தைப் பிடிக்கும். மெஷினுக்கு 250, வங்கிக்கு 100 என்று ஒதுக்கினால் மிச்சம் 9,650. மெஷின் நூறின் மடங்கில்தான் தரும், ஆகவே 9,600 கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. கணக்கு வகை கேட்கும் திரையில் ‘சேவிங்ஸ்’ தொட்டிருந்தால் அதுவும் காரணமாகலாம். ஃபாரக்ஸ் கார்டுக்குப் பின்னால் சேமிப்புக் கணக்கு கிடையாது. ‘கிரெடிட்’ தொடுங்கள், போகாவிட்டால் ‘கரன்ட்’ அல்லது ‘செக்கிங்’. டெபிட் கார்டு என்றால்தான் ‘சேவிங்ஸ்’.

ரயிலடி:
காரணம் சரி. ஆனால் 9,600 எடுக்கவே வேண்டாம் என்பேன். கார்டில் ஏற்கெனவே பாட் இருக்கிறது. ஹோட்டலிலும் மாலிலும் தேய்த்தால் 220 கிடையாது, மாற்றுக் கட்டணமும் கிடையாது. அதைப் போய் நோட்டாக மாற்றுவானேன்? நோட்டுக்குத்தான் டாலர் இருக்கிறதே. 220 பாட் என்பது 9,600க்கு 2.3 சதவீதம், 2,000 எடுத்தால் 11 சதவீதம். கொஞ்சம் கொஞ்சமாக ஏடிஎம்மில் எடுப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

நீங்கள் நிற்கும் வருகைத் தளத்தில் உள்ள வங்கிக் கவுண்டர்களில் மாற்றாதீர்கள். லிஃப்டில் ‘பி’ தளத்துக்கு இறங்குங்கள். ஏர்போர்ட் ரயில் லிங்க் நுழைவாயிலை ஒட்டி மாற்றுக் கவுண்டர்கள் வரிசையாக இருக்கும். சூப்பர்ரிச் பச்சை, சூப்பர்ரிச் ஆரஞ்சு இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள், ரேட்டும் வேறாக இருக்கலாம், இரண்டு போர்டையும் பாருங்கள். மேலே டாலருக்கு ஒரு பாட் குறைந்தால் 300 டாலரில் 300 பாட் போச்சு, ஊருக்குள் போகும் ரயில் செலவைப்போல் ஆறு மடங்கு. கீழே கவுண்டர்கள் மூடியிருக்கும் நேரம் என்றால் மட்டும் மேலே 20 டாலர் மாற்றுங்கள், மீதி மறுநாள்.

பாஸ்போர்ட் அசல் கையில் இருக்கட்டும், ஜெராக்ஸ் செல்லாது.

புதுப்பயணி:
நன்றி அண்ணா, ‘பி’ தளம் வந்துட்டேன். போர்டில் டாலருக்கே மூன்று ரேட் இருக்கு, எது எனக்கு? ரூபாயையும் இங்கேயே மாற்றிடலாமா? ஹோட்டலில் டெபாசிட் கேட்பாங்களாம், அதுக்குக் கார்டு கொடுக்கலாமா?

சில்லறை:
மூன்று வரியும் தாளின் மதிப்பைப் பொறுத்தது. 100 டாலர் போன்ற பெரிய தாளுக்கு அதிக ரேட். 20 போன்ற நடுத்தரத் தாளுக்குக் கொஞ்சம் குறைவு. 1, 2 போன்ற சின்னத் தாளுக்கு அதைவிடக் குறைவு. நீங்கள் பார்க்க வேண்டியது ‘வி பை’ பத்தி, அவர்கள் உங்களிடம் வாங்கும் விலை. ‘வி செல்’ பத்தியைப் பார்த்துவிட்டு “ஏமாற்றுகிறார்கள்” என்று சண்டை போடுபவர்கள் தினமும் உண்டு.

இரண்டு நூறையும் மாற்றுங்கள், இருபதுகளை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாளில் பேனா எழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், கிழிசல் இருந்தால் தள்ளிவிடுவார்கள். தலைப்படம் சிறியதாக இருக்கும் 1996க்கு முந்தைய நூறு என்றாலும் சிரமம்தான். பணம் தரும்போதே “சின்ன நோட்டாகக் கலந்து” என்று கேளுங்கள். கேட்காவிட்டால் ஆயிரமாகத் தள்ளிவிடுவார்கள், டாக்ஸியில் அதற்குச் சில்லறை இருக்காது. கவுண்டரை விட்டு நகராமல், அவர்கள் கண்ணெதிரே எண்ணி, ரசீதோடு சரிபாருங்கள்.

ரூபாயை மாற்றாதீர்கள். வாங்குகிறார்கள், ஆனால் ரேட் மெலிவு. ஒரு கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். சென்னையில் ஒரு டாலர் எத்தனை ரூபாய்க்கு வாங்கினீர்களோ, அதால் இங்கே டாலருக்குத் தரும் பாட்டை வகுங்கள். வருவது டாலர் வழியாக ஒரு ரூபாய்க்குக் கிடைத்த பாட். போர்டில் ரூபாய்க்கு எழுதியிருப்பதை அதோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் போர்டு தோற்கும். இந்தியாவிலிருந்து ஆளுக்கு 25,000 ரூபாய் வரைதான் இந்திய நோட்டு எடுத்துவரலாம், நீங்கள் அதற்குள்தான். திரும்பிப் போய் மீனம்பாக்கத்தில் இறங்கும்போது ஆட்டோவுக்கு ஆகும்.

டெபாசிட்டுக்கு ஃபாரக்ஸ் கார்டு கூடவே கூடாது. அவர்கள் ‘ஹோல்டு’ போட்டால் அந்தத் தொகை வாலட்டில் முடங்கிவிடும், அறையைக் காலி செய்தாலும் விடுபடப் பல நாள் ஆகும். நோட்டாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள், போகும்போது நோட்டாகவே வரும்.

கவுண்டர்12:
@சில்லறை, டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டு இருந்தால் அதுவும் நல்ல வழிதான், கைக்காசு முடங்காது. இவரிடம் இல்லை போல. அதே கிரெடிட் கார்டால் ஏடிஎம்மில் மட்டும் எடுக்கக் கூடாது, முன்பணக் கட்டணமும் அன்றிலிருந்தே வட்டியும் ஓடும்.

@புதுப்பயணி, ஹோட்டல் மெஷினில் ஒன்றைக் கவனியுங்கள். கார்டைச் செருகியதும் திரையில் பாட், ரூபாய் என இரண்டு தொகை வரும். பாட்டைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை அந்தக் கடையின் வங்கி தன் இஷ்டத்துக்குப் போடும், வாலட்டில் பாட் ஏற்றி வைத்த பலனே போய்விடும். டெபிட் கார்டு என்றால், ரூபாயில் தேய்த்தாலும் வெளிநாட்டுக் கடை என்பதால் சில இந்திய வங்கிகள் மேலே ஒரு கட்டணமும் போடும். பல இடங்களில் ஊழியரே உங்களைக் கேட்காமல் ரூபாயைத் தொட்டுவிடுவார். ஸ்லிப்பில் ‘ஐஎன்ஆர்’ (இந்திய ரூபாய்) என்று இருந்தால் கையெழுத்துப் போடாமல், அங்கேயே ‘வாய்டு’ (ரத்து) செய்து மறுபடி பாட்டில் போடச் சொல்லுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், ‘மாற்றமின்றித் தொடர்’ என்ற பொருளில் உள்ள பொத்தான்தான் உங்களுடையது. மறுத்தால் எடுப்பே ரத்தாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், பணம் வரும்.

டெபிட் கார்டைக் கடைசித் துணையாக வையுங்கள். மார்க்கப் (நாணய மாற்றுக்கு வங்கி கூடுதலாகப் பிடிப்பது) 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம், ஏடிஎம் என்றால் 220ம் சேர்த்து. ஆப்பில் ‘சர்வதேசப் பயன்பாடு’ பொத்தான் அணைந்திருக்கும், இப்போதே வைஃபையில் போட்டுவிடுங்கள். ஓடிபி கேட்டால் இந்திய சிம் ரோமிங்கில் இருக்க வேண்டும். தாய் சிம் போடுகிறேன் என்று இந்திய சிம்மைக் கழற்றிப் பெட்டியில் வைக்காதீர்கள்.

மாலைக்காற்று:
இழைக்குள் புகுந்ததற்கு மன்னிக்கவும். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்துவிட்டால்? 5 நாளில் தானாகத் திரும்பும், தாமதமானால் தினம் 100 ரூபாய் என்று படித்தேன்.

கவுண்டர்12:
அந்த ரிசர்வ் வங்கி விதி உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கு மட்டும். வெளிநாட்டு ஏடிஎம் என்றால் கார்டு நெட்வொர்க் வழியாகத் தகராறு பதிய வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கும். மெஷின் எண், நேரம், தொகை உள்ள ஸ்லிப்பைப் போட்டோ எடுத்து, அன்றே உங்கள் வங்கிக்கு எழுதுங்கள். தாய் வங்கிக் கிளையில் போய் நின்று பயனில்லை, அவர்கள் உங்கள் வங்கியைக் கைகாட்டுவார்கள்.

புதுப்பயணி:
200 டாலர் மாற்றியாச்சு. நூறும் ஐநூறுமாகக் கேட்டு வாங்கினேன், ஏடிஎம் பக்கமே போகவில்லை. இனி சுகும்விட் போக ரயிலா டாக்ஸியா?

ரயிலடி:
பெட்டி ஒன்று என்றால் ரயில். நிற்கும் தளத்திலேயே நிலையம். மக்கசனில் இறங்கி, நடைபாலம் வழியாக எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) பெட்சபுரி நிலையம், அங்கிருந்து அடுத்த நிலையமே சுகும்விட். கடைசி வரை பயதாய் போனாலும் 45 பாட்தான். எம்ஆர்டி கேட்டில் விசா, மாஸ்டர்கார்டு தட்டியும் போகலாம், ஆனால் கார்டு ஆப்பில் தொடாப் பரிவர்த்தனையும் (கார்டைச் செருகாமல் தட்டிச் செலுத்துவது) வெளிநாட்டுக்குத் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் டோக்கன்.

குடும்பமும் பெட்டிகளும் என்றால் 1ஆம் தளத்தில் மீட்டர் டாக்ஸி. இயந்திரத்தில் சீட்டு எடுத்து, அதிலுள்ள எண்ணுக்குப் போங்கள். சாதாரண டாக்ஸியில் மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், விமான நிலையக் கட்டணம் தனி, விரைவுச்சாலைச் சுங்கம் உங்கள் கையிலிருந்து, அதற்குத்தான் அந்த நூறு பாட் நோட்டுகள். சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாதீர்கள், புகார் சொல்ல அதுதான் ஆதாரம்.