சென்னைப் புள்ளிகள் ஆர்க்டிக் கடலில் விழுகின்றன: உபுண்டுவில் ப்ராஜ் தகராறு

சங்கிலிக்காரர் (மடிப்பாக்கம்) கேட்கிறார்:

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கணினிப் படிப்பு படித்தவன் அல்ல. 22 வருடம் நில அளவை வேலை. சங்கிலி பிடிக்கிற ஆளாகச் சேர்ந்து டோட்டல் ஸ்டேஷன் என்கிற மின்னணு அளவைக் கருவி வரை வந்து, முழங்கால் தேய்ந்ததும் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். பைத்தான் மொழி, அதில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ எல்லாம் ஊரடங்கு நேரத்தில் நானாகக் கற்றவை. அதனால் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். கட்டளைகளையும் தமிழிலேயே ஒலிப்படி எழுதுகிறேன். விசைப்பலகையை மாற்றி மாற்றி அடித்தால் எனக்குப் பாதி வாக்கியம் மறந்துபோகிறது.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று வீடு வீடாகப் போய், சுவரில் இருக்கும் கறையை டேப் வைத்து அளந்து வைத்திருக்கிறேன். மொத்தம் 212 புள்ளிகள். சென்டிமீட்டர் ஒரு பத்தியில். கணுக்கால், முட்டி, இடுப்பு என்று இன்னொரு பத்தியில், ஏனென்றால் 74 சென்டிமீட்டர் என்றால் யாருக்கும் உறைப்பதில்லை, இடுப்பு என்றால் உறைக்கிறது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு வரும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். அந்த வழியில் எந்தெந்தத் தெரு குறுக்கே படுத்திருக்கிறது என்பதை வரைபடத்தில் போட்டுக் காட்டினால்தான் நலச்சங்கத்தில் பேச முடியும். அதற்குத்தான் ஜாங்கோவின் வரைபடப் பகுதியான ஜியோஜாங்கோ, இடங்களைச் சேமிக்கும் தரவுத்தளமான போஸ்ட்ஜிஸ், முன்னால் உலாவியில் வரைபடம் காட்டும் லீஃப்லெட்.

உபுண்டு 18.04 போட்ட பழைய மேசைக் கணினியில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் அதன் பவர் சப்ளை புகைந்துவிட்டது. ரிச்சி தெருவில் ஒரு பழைய லேப்டாப் வாங்கி, 22.04 நிறுவி, பழைய ஹோம் கோப்புறையை அப்படியே அள்ளிக் கொண்டுவந்து போட்டேன். அன்றிலிருந்து இரண்டு தொந்தரவு.

ஒன்று. டெர்மினலில் ஜாங்கோவைக் கிளப்பி, வார்டு எல்லையை யூடிஎம்மில் (கிழக்கு, வடக்கு என்று மீட்டரில் சொல்லும் முறை) இருந்து அட்சரேகை, தீர்க்கரேகைக்கு மாற்றும் இடம் வந்தவுடன் ஒரு பிழை. 'ப்ராஜ்.டிபி' என்ற கோப்பின் பதிப்பு பழையது, அது வேறொரு ப்ராஜ் நிறுவலில் இருந்து வந்தது என்கிறது. (ப்ராஜ் என்பது ஆயங்களை ஒரு முறையில் இருந்து இன்னொரு முறைக்கு மாற்றும் நூலகம்.) வரைபடக் கோப்புகளைப் படிக்கும் ஜிடாலின் கட்டளைகளும் இதையே சொல்கின்றன. அதன் நூலகமான லிப்ஜிடாலை நீக்கி மறுபடி நிறுவினேன். முதல் தடவை அது போகும்போது வரைபடம் பார்க்கும் மென்பொருளான கியூஜிஸையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் தடவையும்தான். பிழை மட்டும் போகவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. மெனுவில் உள்ள ஐகானை அழுத்தி கியூஜிஸைத் திறந்தால் எல்லை ஒழுங்காக வருகிறது. அதே கியூஜிஸை டெர்மினலில் பெயர் அடித்துத் திறந்தால் அதே பிழை. பேய் வேலையா என்று தெரியவில்லை.

இரண்டு. 212 புள்ளிகளை ஏற்றுவதற்குத் தனியாக ஒரு பைத்தான் நிரல். அது பிழை எதுவும் சொல்லாமல் சமர்த்தாக ஓடி முடிகிறது. லீஃப்லெட்டில் பார்த்தால் மடிப்பாக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. பின்னால் இழுத்து, இன்னும் இழுத்து, உலகமே தெரிகிற அளவுக்கு வந்த பிறகு பார்த்தால் நார்வேக்கும் மேலே, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே கடலில் கொத்தாக நிற்கின்றன. இடுப்பளவு தண்ணீர் என்று அங்கே போட்டிருக்கிறது. இருக்கலாம்தான்.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற அளவையாளர் இங்கே பரங்கிமலையில் இருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்தார். இந்தியாவின் பெரிய முக்கோண அளவையே அந்தக் கோட்டில்தான் தொடங்கியது. அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு நான் மடிப்பாக்கத்தைத் துருவக் கடலில் போடுகிறேன். வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

தூங்காத்தம்பி:

அண்ணே, இதில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். டாக்கர் போடுங்கள், நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும். போஸ்ட்ஜிஸுக்குத் தயாரான படிமம் இருக்கிறது, ஜிடாலுக்கும் இருக்கிறது. அரை மணி நேர வேலை. ஹோஸ்டில், அதாவது உங்கள் லேப்டாப்பில், என்ன குப்பை இருந்தாலும் உள்ளே வராது.

சங்கிலிக்காரர்:

தம்பி, லேப்டாப்பில் 4 ஜிபிதான். உலாவியில் நாலு தாவல் திறந்தாலே மின்விசிறி ஹெலிகாப்டர் மாதிரி சத்தம் போடுகிறது. அதோடு, குப்பை எது என்று தெரியாமல் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறையில் குடியிருக்க மனசு வரவில்லை.

நீலாங்கரை நண்டு:

சார், பேய் வேலை என்று நீங்கள் ஒதுக்கிய வரியில்தான் விடை இருக்கிறது. ஐகானில் திறந்தால் சரி, டெர்மினலில் திறந்தால் தவறு. நிரல் ஒன்று, நூலகம் ஒன்று, ஆனால் பிறக்கிற இடம் வேறு. டெர்மினல் திறக்கும்போது உங்கள் ஹோமில் உள்ள பாஷ்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பைப் படிக்கும். ஐகான் அதைப் படிப்பதில்லை. நீங்கள் பழைய ஹோமை அப்படியே அள்ளி வந்தேன் என்கிறீர்கள். அப்படியென்றால் பாஷ்ஆர்சியும் கூடவே வந்திருக்கும்.

டெர்மினலில் 'என்வ்' என்று மட்டும் அடியுங்கள். சூழல் மாறிகள் எல்லாம் வரிசையாக வரும். அதில் ப்ராஜ்_லிப் என்று ஏதாவது இருக்கிறதா? ப்ராஜ் தன் கோப்புகளை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் மாறி அது. புதிய பதிப்புகளில் அதன் பெயர் ப்ராஜ்_டேட்டா. இருந்தால், அது எந்தக் கோப்புறையைக் காட்டுகிறது என்று எழுதுங்கள். ஊகம்: மினிகோண்டா (பைத்தானைத் தன் சொந்த நூலகங்களோடு நிறுவும் தொகுப்பு).

போஸ்ட்ஜிஸ் மட்டும் ஏன் இந்தப் பிழையைச் சொல்லவில்லை என்று யோசித்தீர்களா? அதை, பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி கிளப்புகிறது. அதற்கும் உங்கள் பாஷ்ஆர்சி தெரியாது.

லிப்ஜிடாலை எத்தனை தடவை நீக்கி நிறுவினாலும் பயன் இல்லை. புதுக் கோப்பு அதன் இடத்தில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அங்கே போகாதே, இங்கே பார் என்று யாரோ கையைப் பிடித்து இழுக்கிறார்கள், அவ்வளவுதான்.

சங்கிலிக்காரர்:

அம்மா, இருக்கிறது! (புரொஃபைலில் கல்லூரி என்று போட்டிருக்கிறது, என் மகள் வயதுதான், அதனால் அம்மா.) ஹோமுக்குள் மினிகோண்டா, அதற்குள் ஷேர், அதற்குள் ப்ராஜ். 2019இல் ஏதோ ஒரு பாடத்தைப் பார்த்து நானே சேர்த்த வரி. அதற்கு மேலே 'தொடாதே' என்று குறிப்பு வேறு எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த டெர்மினலில் 'அன்செட்' கொடுத்து அந்த மாறியை நீக்கிவிட்டு ஜாங்கோவைக் கிளப்பினேன். வார்டு எல்லை வந்துவிட்டது. பாஷ்ஆர்சியிலும் அந்த வரியை எடுத்துவிட்டு, புதிய டெர்மினலில் இன்னொரு தடவை பார்த்தேன். சரியாக இருக்கிறது.

ஆனால் ஒரு சந்தேகம். இதே வரி பழைய கணினியிலும் இருந்ததே, அங்கே ஏன் ஒன்றும் ஆகவில்லை? அப்புறம், புள்ளிகள் இன்னும் துருவத்தில்தான் இருக்கின்றன.

நீலாங்கரை நண்டு:

18.04இல் இருந்தது ப்ராஜ் 4.9.3. அந்தக் காலத்து ப்ராஜுக்கு ப்ராஜ்.டிபி என்ற கோப்பே கிடையாது. ப்ராஜ் 6 வந்தபோதுதான், அதாவது 2019இல், ஆயப் பட்டியலை எல்லாம் ஒரே எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்குள் வைத்தார்கள். தேடாத பொருளை எங்கே வைத்தால் என்ன? 22.04இல் ப்ராஜ் 8. அது தேடியது, நீங்கள் கைகாட்டிய இடத்தில் ப்ராஜ் 6 காலத்துப் பழையதைக் கண்டது, திட்டியது.

புள்ளிகளுக்கு நிரலைப் பார்க்காமல் சொல்ல முடியாது. மாற்றுகிற அந்த நாலு வரியை மட்டும் போடுங்கள்.

தூங்காத்தம்பி:

புள்ளிக்கு எளிய வழி இருக்கிறதே. போஸ்ட்ஜிஸில் எஸ்டி_ஃபிலிப்கோஆர்டினேட்ஸ் என்று ஒரு சார்பு உண்டு. ஒரே ஒரு அப்டேட் கொடுங்கள், எக்ஸும் ஒய்யும் இடம் மாறிவிடும், முடிந்தது.

மதகு:

தம்பி, அவசரப்பட்டு அதைச் செய்யச் சொல்லாதீர்கள். அவர் அடுத்த மழைக்கு இன்னும் 50 புள்ளி ஏற்றுவார், அவை மறுபடி துருவத்துக்குப் போகும். பிறகு மொத்தத்துக்கும் ஃபிலிப் கொடுத்தால் வீடு வந்து சேர்ந்த 212ம் துருவத்துக்குப் போகும். இதை நான் ஒரு அலுவலகத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்த வரிசை எத்தனை தடவை திருப்பப்பட்டது என்று கடைசியில் யாருக்கும் தெரியவில்லை.

அண்ணே, ஒரு கேள்வி. புது லேப்டாப்புக்கு வந்த பிறகு அந்த நிரலில் ஏதாவது கை வைத்தீர்களா? 'இனிட்' என்ற சொல்லை எங்காவது அழித்தீர்களா?

சங்கிலிக்காரர்:

எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஆமாம். பழையதில் பைப்ராஜ் (ப்ராஜைப் பைத்தானில் இருந்து அழைக்கும் நூலகம்) 1.9, இப்போது 3. ஓட்டியவுடன் மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. 'இனிட் ஈக்வல் ஈபிஎஸ்ஜி' என்று எழுதும் முறை வழக்கொழிகிறது, இனி வெறும் 'ஈபிஎஸ்ஜி 4326' என்று எழுது என்றது. (ஈபிஎஸ்ஜி என்பது ஆய முறைகளுக்கு எண் கொடுக்கும் பட்டியல், 4326 என்பது அட்சரேகை, தீர்க்கரேகை முறை.) சரி, பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று இரண்டு இடத்திலும் அழித்தேன். எச்சரிக்கை போய்விட்டது.

மதகு:

அங்கேதான் மடிப்பாக்கம் நகர்ந்தது. அந்த எச்சரிக்கை நீளமானது, அதன் கடைசிப் பகுதியில் இன்னொன்றும் சொல்லும்: இப்படி மாற்றும்போது அச்சு வரிசை மாறலாம், கவனம் என்று. யாரும் அதுவரை படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை, எனக்கும் இப்படித்தான் தெரிந்தது.

ஈபிஎஸ்ஜி பட்டியலில் 4326க்கு முதலில் அட்சரேகை, பிறகு தீர்க்கரேகை. அதிகாரபூர்வ வரிசை அதுதான். பழைய 'இனிட்' முறை அதைக் கண்டுகொள்ளாமல் எப்போதும் தீர்க்கரேகையை முதலில் கொடுத்தது. அதை எடுத்தவுடன் சட்டப்படி நடக்க ஆரம்பித்துவிட்டது. உங்கள் நிரல் முதலில் வருவது தீர்க்கரேகைதான் என்று நம்பி, 12.96ஐ எக்ஸ் என்றும் 80.20ஐ ஒய் என்றும் புள்ளி போட்டிருக்கும். கிழக்கே 12.96, வடக்கே 80.20 எங்கே இருக்கிறது? நீங்கள் பார்த்த கடலில். போஸ்ட்ஜிஸ் வாய் திறக்காது, ஏனென்றால் அதுவும் பூமியில் இருக்கும் இடம்தானே. நம் ஊரின் தீர்க்கரேகை 90க்கு மேல் இருந்திருந்தால் 'இப்படி ஓர் அட்சரேகை இல்லை' என்றாவது எங்கோ ஓரிடத்தில் மாட்டியிருக்கும்.

செய்ய வேண்டியது: பைப்ராஜின் டிரான்ஸ்ஃபார்மரை 32644இல் (நம் பகுதியின் யூடிஎம்) இருந்து 4326க்கு உருவாக்குங்கள், அதில் 'ஆல்வேஸ்_எக்ஸ்ஒய்' என்பதை ட்ரூ என்று கொடுங்கள். எப்போதும் கிழக்கு முதலில், வடக்கு அடுத்து. பழைய டிரான்ஸ்ஃபார்ம் சார்பை விட்டுவிடுங்கள். புள்ளி அட்டவணையைக் காலி செய்து, மூலக் கோப்பில் இருந்து திரும்ப ஏற்றுங்கள்.

இன்னொரு பள்ளம் முன்னால் இருக்கிறது. இடங்களை எழுதும் கோப்பு வடிவமான ஜியோஜேசன் தீர்க்கரேகையை முதலில் வைக்கும், 2016இல் வந்த ஆர்எஃப்சி 7946 என்ற அதன் விதி ஆவணம் அப்படித்தான் சொல்கிறது. லீஃப்லெட்டில் நீங்களே கையால் ஒரு மார்க்கர் வைத்தால் அட்சரேகை முதலில். லீஃப்லெட் மாதிரி இன்னொரு நூலகமான ஓப்பன்லேயர்ஸில் மறுபடி தீர்க்கரேகை முதலில்.

டாக்கர் பற்றி ஒரு வார்த்தை. அது முதல் பிழையை மறைத்திருக்கும், பாஷ்ஆர்சி உள்ளே போயிருக்காது. இரண்டாவதை அப்படியே கன்டெய்னருக்குள் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

தூங்காத்தம்பி:

ஒப்புக்கொள்கிறேன். ஃபிலிப் யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

சங்கிலிக்காரர்:

நேற்று ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, அட்டவணையைக் காலி செய்து, முதலில் ஒரே ஒரு புள்ளியை ஏற்றிப் பார்த்தேன். கிழக்கு நாலு லட்சத்துச் சொச்சம், வடக்கு பதினாலு லட்சத்துச் சொச்சம் போனது, 80.20, 12.96 என்று திரும்பி வந்தது. எங்கள் வீட்டு கேட். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'இதற்கா ஒரு மாதம்?' என்றாள்.

அப்புறம் மிச்சத்தையும் ஏற்றினேன். 211 புள்ளிகள் அவரவர் தெருவுக்குத் திரும்பிவிட்டன. ஒன்று மட்டும் நாராயணபுரம் ஏரிக்கு நடுவில் முட்டியளவு என்று நிற்கிறது. ப்ராஜைச் சந்தேகப்பட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தால் என் கையெழுத்தில் 1ம் 7ம் ஒரே மாதிரி இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டுச் சுவரை மறுபடி பார்த்துவிட்டு வருகிறேன், அந்தக் கறைக்கு மேல் வெள்ளை அடிக்காமல் இருந்தால்.