முதல் இசை விழாவுக்குப் போகிறீர்களா? பையில் என்ன வைப்பது, எதை விட்டுவிடுவது

புதிதாக ஒரு நாட்டுக்குக் குடிபோனவர்களை, கோடை வந்ததும் அலுவலகத்திலோ கல்லூரியிலோ உள்ள நண்பர்கள் ஏதாவது ஒரு திறந்தவெளி இசை விழாவுக்குக் கூப்பிடாமல் விடமாட்டார்கள். தயங்காமல் போங்கள். ஊர் பழகவும் ஆட்கள் பழகவும் நல்ல வாய்ப்பு. ஆனால் "என்ன எடுத்து வரணும்?" என்று அவர்களைக் கேட்டால், "டென்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் போதும்" என்று முடித்துவிடுவார்கள். சின்ன வயதிலிருந்தே வெட்டவெளியில் டென்ட் போட்டுப் பழகியவர்களுக்கு மீதியெல்லாம் சொல்லத் தோன்றாது. அந்த மீதிதான் இங்கே.

முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். இரவே வீடு திரும்பும் விழாவா, இரண்டு மூன்று நாள் அங்கேயே தங்கும் விழாவா? முன்னதற்கு மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை, தண்ணீர்ப் புட்டி, பவர் பேங்க், இயர்பிளக் போதும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே எழுதுவதில் பெரும்பகுதி தங்கும் விழாவுக்கானது. பாட்டுக் கேட்கப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. ராத்திரிக் குளிரையும் நடக்க வேண்டிய தூரத்தையும் மனதில் வைத்துப் பை கட்டினாலே பாதிக் கவலை தீரும்.

நடையைப் பற்றி யாரும் எச்சரிக்க மாட்டார்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்தோ பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்தோ டென்ட் போடும் இடத்துக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் இருக்கலாம். நடுவில் சோதனை வரிசை வேறு. புல்தரையில் சக்கரப் பெட்டி உருளாது, சேற்றில் கேட்கவே வேண்டாம். அதனால் முதுகுப்பைதான். எல்லாவற்றையும் கட்டி முடித்ததும் வீட்டிலேயே தோளில் போட்டு, தெருவில் கால் மணி நேரம் நடந்து பாருங்கள். கனத்தால், முதலில் கூடுதல் துணிகளை வெளியே எடுங்கள். அங்கே யாரும் தினமும் புது உடை போட்டு வருவதில்லை.

இப்போது ராத்திரி. வெயில் நாட்டில் வளர்ந்தவர்களுக்குக் கோடை என்றால் இரவும் புழுக்கம்தான். குளிர்ப் பிரதேசங்களில் அப்படி இல்லை. பகலில் 25 டிகிரி அடித்த அதே இடத்தில் விடியற்காலை 8 டிகிரி இருக்கலாம். மேகமில்லாத தெளிந்த இரவு இன்னும் குளிரும், ஏனென்றால் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். பாலைவனத்திலும் இதே கதை. கலிபோர்னியாவின் இண்டியோவில் ஏப்ரலில் நடக்கும் கோச்செல்லா இசை விழாவுக்குப் போகிறவர்கள் பகல் வெயிலுக்கும் புழுதிக்கும் தயாராகிவிட்டு, பொழுது சாய்ந்தபின் நடுங்குவதுண்டு. புழுதிக்கு ஒரு மெல்லிய துணியை மூக்கில் கட்டினால் போதும். குளிருக்கு அது போதாது.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது உறையில் இரண்டு மூன்று வெப்பநிலைகள் எழுதியிருக்கும். பெரிய எழுத்தில் இருப்பதை நம்பாதீர்கள். 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் எண்தான் நமக்கு. 'லிமிட்' என்பது சுருண்டு படுத்து ஒருவழியாகச் சமாளிக்கும் அளவு, 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் பிழைக்கும் அளவு. எதிர்பார்க்கும் குளிரைவிட நாலைந்து டிகிரி குறைவான கம்ஃபர்ட் எண்ணைத் தேடுங்கள்.

அதைவிட முக்கியம் அடியில் போடும் பாய். உடம்பின் பாரத்தில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால் அங்கே அது சூட்டைப் பிடித்து வைக்காது. ஈரத்தரை நேரடியாகச் சூட்டை உறிஞ்சும். காற்றடிக்கும் மெத்தை சொகுசாகத் தெரியும், ஆனால் உள்ளே வெறும் காற்று மட்டும் என்றால் அதுவே குளிர்ந்து முதுகைச் சில்லிட வைக்கும். மடிக்கக்கூடிய சாதாரண ஃபோம் பாய் விலை குறைவு, எடை குறைவு, ஓட்டை விழாது. என் ஓட்டு அதற்குத்தான். சொகுசு மெத்தை வேண்டுமென்றாலும் அதன்கீழே இதை விரியுங்கள்.

படுக்கும்போது போட ஒரு செட் உடையைத் தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்: முழுக்கை உள்ளாடை, தடித்த காலுறை, கம்பளிக் குல்லாய். எவ்வளவு ஆசை வந்தாலும் பகலில் அதைப் பிரிக்கக்கூடாது. உலர்ந்த காலுறையோடு படுத்தவர் தூங்குவார், ஈரக் காலுறையோடு படுத்தவர் விடிய விடிய முழித்திருப்பார். பருத்தி ஜீன்ஸும் ஹூடியும் நனைந்தால் காய நேரமாகும், உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொண்டே இருக்கும். கம்பளி, பாலியஸ்டர், ஃப்ளீஸ் வகைத் துணிகள் மேல்.

டென்ட்டைப் புதிதாக வாங்கியிருந்தால் பூங்காவிலோ வீட்டு முற்றத்திலோ ஒருமுறை நிறுத்திப் பழகிவிடுங்கள். கம்பி குறைகிறதா, ஆணி வளைகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிய வேண்டும். இரண்டு அடுக்குத் துணி உள்ளதாக இருக்கட்டும். ஒற்றை அடுக்கில் நம் மூச்சே உள்பக்கம் நீராகக் கோத்து மேலே சொட்டும். 'இரண்டு பேருக்கானது' என்றால் இரண்டு பேரும் ஒரு கைப்பையும் என்று புரிந்துகொள்ளுங்கள். இருவருக்குத் தாராளமாக வேண்டுமென்றால் மூன்று பேருக்கானதை எடுங்கள். போனதும் பள்ளத்தைத் தவிர்த்து, கழிப்பறைக்கும் நடைபாதைக்கும் தள்ளி இடம் பிடியுங்கள். டென்ட் உச்சியில் அடையாளமாக ஒரு வண்ணத் துணி கட்டுங்கள். இருட்டில் எல்லா டென்ட்டும் ஒன்றுபோலவே இருக்கும், மற்றவர் டென்ட்டுக்குள் தலையை நீட்டி மன்னிப்புக் கேட்பதெல்லாம் அங்கே சகஜம்.

மழை விஷயத்தில் வானிலை அறிவிப்பு நல்லபடியாக இருந்தாலும் மழைக்கோட்டு கட்டாயம். குடையைப் பல விழாக்களில் உள்ளே விடமாட்டார்கள், விட்டாலும் பின்னால் நிற்பவர் முறைப்பார். சேறு என்றால் எவ்வளவு சேறு என்பதற்கு ஓர் உதாரணம்: 2023இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில், மழையில் வயல்கள் சேறாகி வண்டிகள் நகர முடியாமல் போனதால், 85,000 பேர் வர வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 50,000 பேரோடு நுழைவை நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் கையில் இருந்தும் பலர் திரும்பிப் போனார்கள். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் சேற்றுக்கு நல்லது, ஆனால் வறண்ட நாளில் அதைப் போட்டு நாள் முழுக்க நடந்தால் குதிகால் கொப்பளிக்கும். மழைக்குறி இருந்தால் மட்டும் எடுங்கள். இல்லையென்றால் பழகிய பழைய ஷூ போதும். புது ஷூ வேண்டவே வேண்டாம். பெரிய குப்பைப் பைகள் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். உட்கார, ஈரத்துணி போட, பையை மூட, கடைசியில் குப்பை அள்ள என்று எல்லாவற்றுக்கும் அதுதான்.

"நம்ம நிறத்துக்கு சன்ஸ்க்ரீன் எதுக்கு?" என்ற கேள்வி கட்டாயம் வரும். கருத்த தோலுக்கு இயல்பிலேயே ஓரளவு பாதுகாப்பு உண்டு என்பது சரிதான். முழுப் பாதுகாப்பு இல்லை. வடக்கே கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், நிழலே இல்லாத மைதானத்தில் பத்து மணி நேரம் நிற்பீர்கள், மெல்லிய மேகத்தையும் புற ஊதாக் கதிர் தாண்டி வரும். எஸ்பிஎஃப் 30 போதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். தொப்பியும் வையுங்கள்.

காதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் எடுக்காமல் விடுவது இதுதான். வேலையிடச் சத்தத்துக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் பரிந்துரைப்படி 85 டெசிபலை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படியே கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். ஒலிபெருக்கி அருகே 100 என்பது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை நிகழ்ச்சிகளுக்கு வகுத்த உச்ச வரம்பே, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல். நிகழ்ச்சி முடிந்து காதில் 'கொய்ங்' என்று கேட்டால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் திரும்ப வளராது. ஃபோம் இயர்பிளக் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் பாட்டை மந்தமாக்கும். இசைக்கென்றே வடிகட்டியோடு வரும் இயர்பிளக் எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் பாட்டுக் கெடாது. தூங்கும்போது ஃபோம், மேடைமுன் மற்றது. குழந்தையைக் கூட்டிப் போனால் தலைமேல் மாட்டும் காதுக்கவசம் இல்லாமல் போகாதீர்கள்.

அடுத்து, புதிதாகக் குடியேறியவர்களுக்கே உரிய சிக்கல்: பெயரும் அடையாளமும். நம்மில் பலருக்கு இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து என்று பலவாறு இருக்கும். டிக்கெட்டில் உள்ள பெயரும் நீங்கள் காட்டும் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி போன்ற விழாக்களில் டிக்கெட்டிலேயே படம் இருக்கும், வேறொருவருக்கு மாற்றவும் முடியாது. பாஸ்போர்ட்டைச் சேற்றுக்குள் கொண்டுபோவதைவிடக் குடியிருப்பு அட்டையோ ஓட்டுநர் உரிமமோ ஏற்பார்களா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

கைபேசி டிக்கெட் என்றால் வீட்டிலேயே இறக்கி வையுங்கள். சில செயலிகளில் வாசலில் ஸ்கேன் செய்யும் குறியீடு மாறிக்கொண்டே இருக்கும், ஸ்க்ரீன்ஷாட் செல்லாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே கோபுரத்தைப் பிடிப்பதால் நெட்வொர்க் படுத்துவிடும். "மேடைக்கு இடப்பக்கம், ஒலி கட்டுப்பாட்டு மேடை பக்கத்தில், மணிக்கு மணி" என்று சந்திக்கும் இடத்தை முன்னரே பேசிவையுங்கள். நண்பரின் எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பையில் போடுங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் இன்றைய கைபேசியை ஏறக்குறைய ஒன்றரை முறை நிரப்பும், அவ்வளவுதான். மூன்று நாளுக்கு 20,000 வேண்டும்.

மருந்துகளை அதன் உறையோடும், மருத்துவர் சீட்டு இருந்தால் அதோடும் வையுங்கள். பெயரில்லாத டப்பாவில் கலந்து போட்டால் வாசலில் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். ஒரு நாட்டில் மருந்துக்கடையில் சும்மா கிடைக்கும் மாத்திரை இன்னொரு நாட்டில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதாக இருக்கலாம். புல்வெளி மகரந்தம் உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் பெரும்பாலான விழாக்கள் வரும், தும்மல் தொல்லை உள்ளவர்கள் ஒவ்வாமை மாத்திரையை மறக்காதீர்கள். புல்லில் உண்ணி இருக்கும் பகுதியென்றால் ஒரு கூர்முனை இடுக்கி வேண்டும். படுக்கும்முன் கால், இடுப்பு, அக்குள் பார்த்து, கடித்திருந்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். "இதைக் கொஞ்சம் உன் பையில் வை" என்று யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நாய் மோப்பம் பிடித்தால் அது உங்கள் பையில் இருந்த பொருள்தான். உள்ளூர்க்காரருக்கு அபராதத்தோடு முடியலாம், விசாவில் இருப்பவருக்கு நாட்டில் தங்குவதே கேள்வியாகிவிடலாம்.

கழிப்பறைக்கு: காகிதம், தண்ணீர்ப் புட்டி, தலையில் மாட்டும் டார்ச். இரண்டு கையும் ஃப்ரீயாக இருக்க வேண்டும், கைபேசி வெளிச்சத்தோடு உள்ளே போனவர்கள் எதைத் தவறவிட்டார்கள் என்று விவரிக்கத் தேவையில்லை. சானிடைசர் நல்லதுதான், ஆனால் வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸை அது சரியாகக் கொல்லாது. சின்ன சோப்புத் துண்டும் வேண்டும். பெண்கள், நாள் கணக்கு எப்படியிருந்தாலும் நாப்கினோ கப்போ வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கடையில் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

கண்ணாடிப் புட்டி, பட்டாசு, லென்ஸ் கழற்றும் கேமரா ஆகியவை பெரும்பாலும் வாசலோடு சரி. பல இடங்களில் மேடைப் பகுதிக்குள் ஒளிபுகும் பைக்கு மட்டுமே அனுமதி. காலித் தண்ணீர்ப் புட்டியைப் பெரும்பாலும் விடுவார்கள், கிளாஸ்டன்பரியில் 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் புட்டி விற்பனையே இல்லை. அடுப்பு அனுமதித்தாலும் டென்ட்டுக்குள் எரிக்கக்கூடாது. அணைந்ததுபோலத் தெரியும் கரி அடுப்பைக் குளிருக்காக உள்ளே இழுத்து வைத்துத் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடால் இறந்திருக்கிறார்கள். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. இடி மின்னல் வந்தால் டென்ட் காப்பாற்றாது. உலோகக் கூரை உள்ள காருக்கோ கட்டடத்துக்கோ போங்கள், அறிவிப்பைக் கேளுங்கள். 2016இல் ஜெர்மனியின் ராக் ஆம் ரிங் விழாவில் மின்னல் தாக்கிப் பலர் காயமடைந்தார்கள், விழாவும் பாதியில் நின்றது.

காசுக்குப் பதிலாக, கையில் கட்டும் பட்டையில் பணம் ஏற்றிச் செலவழிக்கும் விழாவென்றால் மீதியைத் திரும்பக் கேட்கும் கடைசி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். காரோட்டி வருபவர் கடைசி இரவு குடிக்காமல் இருப்பதே நல்லது, இரவு குடித்தது காலையிலும் ரத்தத்தில் இருக்கும், போலீஸ் காத்திருப்பதும் திரும்பும் வழியில்தான். டென்ட்டை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்ப்பீர்கள், நீங்கள் விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அதை விரித்து முழுக்கக் காயவைத்து மடியுங்கள், ஈரத்தோடு மடித்தால் சில நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும்.